கணினிக் கொத்தணியிற் பொதிச்சூழல் வழுக்கள்

ஒரே பெயருடையார் பலர் வாழும் ஊரிலே கடிதம் கொண்டுவரும் தபாற்சேவகன் படும் பாட்டை நாம் அறிவோம். "கந்தையா, கோயிலடி" என்று மட்டும் விலாசம் எழுதப்பட்டிருப்பின், அவன் தன் வழியில் முதலில் எதிர்ப்படும் கந்தையாவின் வீட்டிலேயே அக்கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். பெற்றவரும் கந்தையாவே, விலாசமும் பிழையன்று, சேவகனும் தன் கடமையைச் செய்தவனே. ஆயினும் கடிதம் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்திலது. இக்காலத்திலே பெருங் கணினிகளில் ஆராய்ச்சி செய்யும் மாணவரை நாட்கணக்கில் அலைக்கழிக்கும் பொதிச்சூழல் வழுக்களுட் பெரும்பாலான இவ்வகையினவே என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று, பின்னர் ஆர்வத்தினாற் கணினியைக் கற்று, இன்று உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு இப்பொருளிற் புகுதற்கு என்ன தகுதி உண்டு என ஒருவர் வினவலாம். தகுதி யாதும் இல்லை. நேர்ந்த ஒரு சம்பவமே காரணம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்திலே பட்டமேற்படிப்பை மேற்கொண்டிருப்பவர், 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓரிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கூறியதை அவர் வாய்மொழியிலேயே தருகின்றேன்: "சேர், நேற்று வரைக்கும் ஓடின புரோகிராம் இண்டைக்கு ஓடுதில்லை. நான் ஒண்டையும் மாத்தேல்லை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதலிலையிருந்து போட்டும் பாத்திட்டன். பிறகும் அதே பிழைதான்."

இந்நான்கு வாக்கியங்களுள் நோயும் இருந்தது. நோயை விடக் கொடிதான மருந்தும் இருந்தது. அவற்றைப் பிரித்தறிதற்கு முன்பு, கொத்தணி என்பது யாது, சூழல் என்பது யாது என்பனவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கொத்தணி என்னுஞ் சொல் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. அயற்பாடசாலைகள் சில ஒன்றுசேர்ந்து வளங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கை நாம் அப்பெயரால் வழங்குகின்றோம். கணினிக் கொத்தணியும் அத்தகையதே. 1994 ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக் கொடார்ட் நிலையத்தில், தோமஸ் ஸ்ரேலிங், டொனால்ட் பெக்கர் என்னும் இருவர், சாதாரண முறைவழியாக்கிகள் 16 ஐ ஈதர்நெற் வலையமைப்பினால் இணைத்துப் 'பெயோவுல்ப்' எனப் பெயரிட்டனர். கோடிக்கணக்கிற் செலவிட்டு ஒரு பெருங் கணினியை வாங்கமுடியாதார், சிறு கணினிகள் பலவற்றை இணைத்து அதன் வேலையைப் பெறலாம் என்பதை அது காட்டிற்று. இன்று பல்கலைக்கழகங்களிலுள்ள கொத்தணிகள் பெரும்பாலும் இதன் வழிவந்தனவே. அவற்றிலுள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். பயனர் முதலிலே நுழைவுக் கணுவை அடைகின்றார். அங்கே தமது பணியை எழுதி வரிசையில் இடுகின்றார். 'ஸ்லேர்ம்' போன்ற ஒரு வரிசைமுகாமை மென்பொருள், இடம் வாய்க்கும்போது அப்பணியை ஏதேனும் ஒரு கணிப்புக் கணுவுக்கு அனுப்புகின்றது. அது எந்தக் கணு என்பதைப் பயனர் முன்கூட்டி அறியார்.

நம்மூர்ப் பங்குக் கிணற்றை அறிந்தார்க்கு இவ்வொழுங்கு எளிதில் விளங்கும். பங்குக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் முறைக்கு நீர் இறைக்கலாம். ஆயின் ஒருவர் தாம் நினைத்தபடி கிணற்றை ஆழப்படுத்தவோ துலாவை மாற்றவோ இயலாது. கொத்தணியிலும், பொதுவிடத்திலே மென்பொருளை நிறுவும் உரிமை நிருவாகிகளுக்கே உண்டு. பயனருக்கு உரியது அவரது இல்லக் கோப்புறை ஒன்றே. அதனுள் அவர் எதனையும் நிறுவலாம். அதற்கு வெளியே ஓர் எழுத்தையும் மாற்றமுடியாது. நமது மாணவருக்கு நேர்ந்த தொல்லையின் மூலவேர் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிச் சூழல் என்பது யாது? ஒரு மென்பொருள் தனித்து நின்று இயங்குவதில்லை. மழைவீழ்ச்சியைக் கணிக்கும் ஒரு சிறு நிகழ்ச்சித்திட்டம் பைதன் மொழியில் எழுதப்பட்டிருப்பின், அதற்குப் பைதன் வேண்டும். பைதனுக்குள் எண்களைக் கையாளும் 'நம்பை' என்னும் பொதி வேண்டும். நம்பைக்குச் சீ மொழியில் எழுதப்பட்ட நூலகங்கள் வேண்டும். அந்நூலகங்களுக்குப் பணிசெயல் முறைமையின் அடிநூலகம் வேண்டும். இவை யாவும் எங்கே உள்ளன என்பதை நிகழ்ச்சித்திட்டம் தன்னுள்ளே எழுதிவைத்திருப்பதில்லை. அது பெயரை மாத்திரமே அறியும். பெயரைக் கூறி அழைக்கின்றது. கணினி தன்னிடமுள்ள கோப்புறைப் பட்டியல் ஒன்றை எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி, அப்பெயரோடு முதலில் எதிர்ப்பட்டதைக் கொடுக்கின்றது. தபாற்சேவகன் செயல் இதுவேயன்றோ?

இத்தகைய பட்டியல்கள் முக்கியமாக மூன்று. கட்டளைகளைத் தேடுதற்குப் 'பாத்' என்னுஞ் சூழல் மாறி. பைதன் தன் பொதிகளைத் தேடுதற்கு அதனுள் அமைந்த தேடற்பட்டியல். இயங்கும் வேளையிற் சீ நூலகங்களைத் தேடுதற்கு ஏற்றி என்னும் உறுப்புப் பின்பற்றும் ஒழுங்கு. 'எல்டி லைபிரரி பாத்' என்னும் மாறி ஈற்றிற் கூறியதில் இடைபுகவல்லது. மூன்றும் ஒன்றையொன்று அறியா. ஒன்றிலே திருத்தம் செய்தவர் மற்றையவும் திருந்தின என எண்ணுதலே பல குழப்பங்களுக்குக் காரணமாகின்றது.

நமது ஆய்வுகூடத்திலே இதனை மாணவருக்குக் காட்டுதற்கு யான் செய்யும் பரிசோதனை ஒன்றுண்டு. லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியிலே 'டேற்' என்று கட்டளையிட்டால் அது திகதியைக் கூறும். ஒரு புதிய கோப்புறையிலே அதே பெயருடன் ஒரு சிறு கோப்பை எழுதி, "இன்று பாடசாலை விடுமுறை" என்று அச்சிடும்படி செய்து, அக்கோப்புறையைப் பாத் மாறியின் தலைப்பிலே சேர்த்துவிடுவேன். அதன்பின் திகதி கேட்போர்க்கெல்லாம் கணினி விடுமுறையை அறிவிக்கும். மாணவர் மகிழ்ச்சியை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் அடுத்த படியே கூர்ந்து நோக்கற்பாலது. யான் அக்கோப்பை அழித்துவிட்டு மறுபடி கட்டளையிட்டால், கணினி பழைய திகதிக்குத் திரும்புவதில்லை. அப்படியொரு கோப்பு இல்லை என்று முறையிடுகின்றது! ஏனெனில், கட்டளையேற்கும் 'பாஷ்' என்னும் ஓடு, ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை தேடாமலே அங்குச் செல்கின்றது. 'ஹாஷ்' என்னுங் கட்டளையால் அந்நினைவை அழித்த பின்பே உண்மையான கட்டளை அகப்படும். பிழை நீங்கிய பின்னரும் பிழையின் நிழல் நிற்கும் என்பதை மாணவர் இதனாற் கண்கூடாகக் காண்கின்றனர்.

கொத்தணியிலே நூற்றுக்கணக்கான பயனர் வேறுவேறு பதிப்புகளை வேண்டுவர். ஒருவருக்குப் பைதன் 3.9, மற்றொருவருக்கு 3.11. அனைத்தையும் பாத் மாறியிற் சேர்த்தால் முதலில் நிற்பதே எல்லார்க்கும் கிடைக்கும். இத்தொல்லையைத் தீர்த்தற்கு ஜோன் பேர்லானி என்பவர் 1991 ஆம் ஆண்டிலே 'மொடியூல்' என்னும் முறையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். பின்வந்த காலத்திலே, ரெக்சாஸ் மாநிலத்துக் கணிப்பு நிலையத்தைச் சார்ந்த றொபேட் மக்லே 'எல்மொட்' என்னும் வடிவத்தை ஆக்கினார்; இன்று பல கொத்தணிகளில் வழங்குவது அதுவே. மொடியூல் கட்டளை ஒன்றையும் நிறுவுவதில்லை என்பதை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். பட்டியல்களின் தலைப்பிலே சில கோப்புறைகளைச் செருகுதலும், வேண்டாதபோது நீக்குதலுமே அதன் தொழில். 2012 ஆம் ஆண்டிலே தோன்றிய 'கொண்டா' என்பதோ வேறுவகையினது. அது பயனரின் இல்லக் கோப்புறையிலே பைதன் உட்பட வேண்டிய பொதிகள் அனைத்தையும் ஒரு தனிக் கோப்புறையில் நிறுவிக்கொடுக்கின்றது. அதனையே பயனர் தமது 'சூழல்' என்பர். நான்கு சுவரும் கூரையுமுள்ள தனிவீடு அது என அவர்கள் நம்புவர். அவ்வீட்டுக்கு ஒரு பின்வாசல் உண்டு. அஃது எப்போதும் திறந்தேயிருக்கும்.

இப்பொழுது மாணவரின் விடயத்துக்கு வருவோம். அவர் பல மழைமானி நிலையங்களின் மாதாந்தப் பதிவுகளை ஒப்பிட்டு, ஒத்த இயல்புடைய நிலையங்களைக் குழுக்களாகப் பிரிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 'சைக்கிற்-லேர்ண்' என்னும் பொதியும், அவர் துறைக்கே உரிய சிறு பொதி ஒன்றும் அவரது கொண்டாச் சூழலில் இருந்தன. அன்று தோன்றிய வழுச்செய்தி கூறியது இது: நம்பை 1 ஆம் வரிசைப் பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்ட ஒரு பகுதி, நம்பை 2.0 இன் கீழ் இயங்கமாட்டாது. 2024 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியான நம்பை 2.0, அதன் உள்ளமைப்பிலே மாற்றங்கள் செய்தமையால், முன்னைய பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்டவை அதனோடு இயைவதில்லை. இச்செய்தி தெளிவானதே. ஆனால், தமது சூழலில் உள்ள பொதிகளைப் பட்டியலிடுமாறு மாணவர் கொண்டாவைக் கேட்டபோது, அது நம்பை 1.26 என்றே விடை கூறிற்று. ஒரு வாய் 2.0 என்கின்றது, மறுவாய் 1.26 என்கின்றது. பொய் கூறுவது எது?

இரண்டும் பொய் கூறவில்லை. கொண்டா தன் வீட்டினுள் இருப்பதைக் கூறிற்று. பைதன் தனக்கு அகப்பட்டதைக் கூறிற்று. பைதனிடமே கேட்டுப் பார்க்கும்படி யான் மாணவருக்குக் கூறினேன். ஒவ்வொரு பொதியும் தான் எந்தக் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்பதைத் தன்னிடத்தே குறித்து வைத்திருக்கும். அதனை ஒரே வரியில் அச்சிடுவிக்கலாம். நம்பையை ஏற்றும் முயற்சியின் பின் அவ்வாறு கேட்டபோது வந்த விடை, கொண்டாச் சூழலின் கோப்புறையன்று; இல்லக் கோப்புறையினுள்ளே புள்ளியோடு தொடங்கும் பெயருடைமையால் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத 'லோக்கல்' என்னுங் கோப்புறை.

அங்கே நம்பை 2.0 எவ்வாறு புகுந்தது? இரு நாட்களுக்கு முன், வேறொரு பாடநெறியின் பயிற்சிக்காக, மாணவர் கொத்தணியின் பொதுப் பைதன் 3.11 மொடியூலை ஏற்றி, 'பிப்' என்னுங் கருவியால் ஒரு பொதியை நிறுவியிருந்தார். பொதுவிடத்தில் எழுத அவருக்கு உரிமை இல்லை. உரிமை இல்லாதவிடத்துப் பிப் மறுத்து நின்றுவிடுவதில்லை. சாதாரண இடத்தில் எழுதமுடியாமையாற் பயனரின் சொந்த இடத்தில் நிறுவுகின்றேன் என்று ஒரு வரி கூறிவிட்டு அப்படியே செய்கின்றது. அவ்வரியை வாசிப்பார் அரியர். நிறுவிய பொதி தனக்குத் துணையாக நம்பையின் புதிய பதிப்பையும் அழைத்து வந்தது. அந்தச் சொந்த இடத்தையோ, பைதன் தன் தேடற்பட்டியலிற் சூழலின் பொதிக் கோப்புறைக்கு முன்பாகவே வைக்கின்றது. ஆகவே சூழலுக்குள் இருந்து நம்பையை அழைத்தபோது, வாசலிலே நின்ற மற்றைய நம்பை முந்திக்கொண்டது. "ஒண்டையும் மாத்தேல்லை" என்ற மாணவர் உண்மையே கூறினார். அவர் தமது சூழலிலே ஒன்றையும் மாற்றவில்லை. சொந்தக் கணினியாயின் அப்பொதி பொதுவிடத்திலோ அவர் குறித்த இடத்திலோ போயிருத்தல் கூடும். உரிமை வரையறுக்கப்பட்ட கொத்தணியே அதனை இல்லத்தின் மூலைக்குத் தள்ளிற்று.

இன்னொரு நுட்பமும் இதிலுண்டு. அச்சொந்த இடம் பைதனின் பதிப்பெண்ணால் வகுக்கப்பட்டது. 3.11 ஆம் பதிப்புக்கு நிறுவியது 3.10 ஆம் பதிப்புக்குப் புலப்படாது. மாணவரிடம் பைதன் 3.10 இல் அமைந்த மற்றொரு சூழல் இருந்தது. அது பழுதின்றி இயங்கியது. ஒரு சூழல் இயங்க மற்றது இயங்காமையால், பழுது இயங்காத சூழலுக்குள்ளேயே உள்ளது என அவர் துணிந்தார். துணிந்து அதனை அழித்தார். மீண்டும் நிறுவினார். பின்வாசல் திறந்தே கிடந்தமையால் அதே வழு மீண்டும் தோன்றிற்று.

தீர்வு மிக எளிது. பயனரின் சொந்த இடத்தை நோக்காதே எனப் பைதனுக்குக் கூறும் சூழல் மாறி ஒன்றுண்டு. அதன் பெயர் 'பைதன் நோ யூசர் சைற்'. அதற்கு 1 என்னும் பெறுமானத்தைக் கொடுத்தால் வாசல் அடைபடும். அல்லது அக்கோப்புறையின் பெயரை மாற்றி ஒதுக்கிவைக்கலாம். மாற்றி ஒதுக்குக என்கின்றேன், அழிக்க என்கிலேன். ஒதுக்கிய பின் வழு மறைந்தால் காரணம் அதுவே என்பது நிறுவப்படும்; மறையாவிடின் பெயரை மீளவும் மாற்றிக்கொள்ளலாம். மாணவர் மாறியை அமைத்தார். நிகழ்ச்சித்திட்டம் அவ்விரவே ஓடிற்று. அவரது தொல்லை அத்துடன் தீரவில்லை. அதனைக் கூறுமுன், இதே இனத்தைச் சேர்ந்த பிற வழுக்கள் சிலவற்றைச் சுருங்கக் கூறிச் செல்வேன்.

நுழைவுக் கணுவிலே இயங்குவது வரிசைப் பணியில் இயங்காமை பெரும்பாலோர் முதலிற் காணும் வழுவாகும். இதற்குக் காரணம் இரண்டு. ஸ்லேர்ம், வேறுவிதமாகக் கூறாவிடின், பணியை இட்ட வேளையில் அந்தச் சாளரத்திலிருந்த சூழல் மாறிகளைப் பணியோடு கூட்டி அனுப்புகின்றது. எனவே காலையில் ஒரு மொடியூலைப் பரீட்சித்துவிட்டு அதே சாளரத்திலிருந்து பணியை இட்டவர், காலைப் பரீட்சையையும் தம்மை அறியாமலே அனுப்பிவிடுகின்றார். மறுபுறம், கொண்டாவின் செயற்படுத்தற் கட்டளை, பயனர் நேரிலே தட்டச்சிடும் ஓட்டின் தொடக்கக் கோப்பில் எழுதப்பட்ட சில வரிகளில் தங்கியுள்ளது. வரிசைப் பணியின் ஓடு அக்கோப்பை வாசிப்பதில்லையாதலின், ஓடு ஒழுங்காக அமைக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுகின்றது. பணிக் கோப்பின் தலைப்பிலேயே எல்லா மொடியூல்களையும் நீக்கி, வேண்டியவற்றைப் பதிப்பெண்ணோடு ஏற்றி, கொண்டாவின் தொடக்க வரிகளையும் வெளிப்படையாக எழுதுவதே இவ்விரண்டிற்கும் பரிகாரம்.

'ஜீலிப்சி' எனப்படும் அடிநூலகத்தின் குறித்த பதிப்பு இல்லை என்னும் வழு வேறுவகையினது. இங்குத் தவறான கந்தையா வரவில்லை. வேண்டிய கந்தையா ஊரிலேயே இல்லை. சென்றொஸ் 7 என்னும் பணிசெயல் முறைமையில் அந்நூலகம் 2.17 ஆம் பதிப்பாகும். 2024 ஆம் ஆண்டு யூன் 30 ஆந் திகதியோடு அம்முறைமைக்கான ஆதரவு முடிவுற்றது. அதன்மேல் அமைந்த கொத்தணியிலே, 2.28 ஆம் பதிப்பை வேண்டித் தொகுக்கப்பட்ட புதிய பொதிகள் இயங்கா. அடிநூலகத்தைப் பயனர் தாமே மாற்ற முனைதல், குடியிருக்கும் வீட்டின் அத்திவாரக் கல்லை உருவுதல் போன்றது. பழைய பதிப்புப் பொதியை நாடலாம். அல்லது 'அப்ரெய்னர்' போன்ற கொள்கலன் மென்பொருளினுள்ளே புதிய முறைமையின் நூலகங்களோடு நிகழ்ச்சித்திட்டத்தை அடைத்து இயக்கலாம். இந்த அப்ரெய்னர், முன்னர் 'சிங்கியுலாரிற்றி' எனப் பெயர் பெற்றிருந்து 2021 இற் பெயர் மாறியது. பழைய வழிகாட்டிகளை வாசிப்போர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

இதற்கு அண்மையதாய்த் தோன்றிக் காரணத்தால் வேறுபடுவது, சீ பிளஸ் பிளஸ் மொழியின் நியம நூலகம் பற்றிய முறைப்பாடு. வேண்டிய பதிப்பு சூழலுக்குள் இருந்தும், ஏற்றிய ஒரு தொகுப்பி மொடியூல் எல்டி லைபிரரி பாத் மாறியினூடாகப் பழைய பதிப்பை முன்னிறுத்திவிடுதல் உண்டு. 'எல்டிடி' என்னுங் கட்டளை, ஒரு கோப்பு வேண்டும் நூலகம் ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைக்கின்றது என வரிவரியாகக் காட்டும்.

சிலவேளைகளிற் பணி, "சட்டவிரோதமான அறிவுறுத்தல்" என்ற ஒரே செய்தியோடு மடியும். இதனைக் கண்ட மாணவர் தாம் கொத்தணியின் சட்டத்தை மீறிவிட்டதாக அஞ்சுதலும் உண்டாம்! சட்டம் இங்கு முறைவழியாக்கியினது. புதிய முறைவழியாக்கியுடைய கணுவிலே, அதற்கே சிறப்பாகத் தொகுத்த நிகழ்ச்சித்திட்டம், பழைய முறைவழியாக்கியுடைய கணுவுக்கு அனுப்பப்பட்டால், அங்கு அறியப்படாத அறிவுறுத்தலைச் சந்திக்கின்றது. ஒருநாள் இயங்கி மறுநாள் மடிவதன் மர்மம் இதுவே. வரிசை வேறு கணுவைக் கொடுத்திருக்கும். கணுவின் பெயரை ஒவ்வொரு பணியின் தலைப்பிலும் அச்சிடுவித்தால் இம்மர்மம் நிமிடத்தில் விலகும்.

நண்பர் ஒருவரின் சூழலைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் துன்பந் தருவது. சூழலின் கட்டளைக் கோப்புகளினுள்ளே அதன் முழு விலாசமும் எழுதப்பட்டுள்ளது. வீட்டைப் பெயர்த்து வைத்தாலும் கதவிலக்கம் பழைய ஒழுங்கையையே காட்டும்.

நிற்க. வழு தோன்றியபோது யாது செய்தல் வேண்டும்? அழித்தலும் மீள நிறுவுதலும் முதற்செயலாகா. செய்தி முழுவதையும் ஒரு கோப்பிற் சேமித்தல் வேண்டும். பைதன் இயங்கும்போது எழும் வழுவிலே ஈற்று வரியே வழுவின் பெயரைச் சொல்லும். பொதியைத் தொகுக்கும்போது எழும் வழுவிலோ முதலில் தோன்றியதே காரணம், பின்வருவன அதன் எதிரொலிகள். இவ்வேறுபாட்டை அறியாதார் தவறான வரியைப் பிடித்துக்கொண்டு அலைவர். அதன்பின் கேட்கவேண்டிய வினா, "எங்கிருந்து?" என்பதொன்றே. எந்தக் கணு, எந்தப் பைதன், எந்தக் கோப்பு என்பனவற்றை இயங்கும் சூழலிலும் இயங்காத சூழலிலும் தனித்தனியே எழுதி, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் வேண்டும். 'ரைப்' என்னுங் கட்டளையோடு அனைத்தும் எனக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால், ஒரே பெயருடைய கட்டளைகள் எல்லாவற்றையும் தேடல் ஒழுங்கிலேயே அது காட்டும். ஒருமுறைக்கு ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தல், இரசாயனக் கூடத்திற் போலவே இங்கும் விதியாகும்.

நிருவாகிகளுக்கு எழுத நேரின், பணியிலக்கம், கணுவின் பெயர், ஏற்றிய மொடியூல்களின் பட்டியல், வழுச்செய்தியின் முழு வாசகம், வழுவைத் தோற்றுவிக்கும் மிகச்சிறிய நிகழ்ச்சித்திட்டம் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவது, "பிள்ளைக்குச் சுகமில்லை" என்று நாம் நாள்தோறும் பெறும் கடிதங்களை ஒத்தது. அனுதாபம் பிறக்கும், மருந்து பிறவாது.

இனி, மாணவரின் எஞ்சிய தொல்லைக்கு வருவோம். நிகழ்ச்சித்திட்டம் ஓடிய மூன்றாம் நாள் அவர் மறுபடியும் அழைத்தார். இம்முறை வழுச்செய்தி யாதும் இல்லை. குரலிலே கலக்கம் மாத்திரம் இருந்தது. மழைமானி நிலையங்கள் சில, முன்பிருந்த குழுவை விட்டு வேறு குழுவிற் சேர்ந்திருந்தன. முன்னைய குழுக்களை அடிப்படையாகக் கொண்டெழுதிய அத்தியாயமோ மேற்பார்வையாளரின் கைக்குப் போய்விட்டது. தரவும் அதுவே, நிகழ்ச்சித்திட்டமும் அதுவே, எழுமாற்று எண்களின் வித்தும் முன்னரே நிலைப்படுத்தப்பட்டது. மாறியது சூழல் ஒன்றே. பழைய சூழலில் என்னென்ன பதிப்புகள் இருந்தன எனக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சூழலின் வரலாற்றைக் கொண்டா ஒரு கோப்பிற் குறித்து வைப்பதுண்டு. அக்கோப்பு சூழலுக்குள்ளேயே இருப்பதாகலின் அதனோடு அழிந்தது. இறக்கிய பொதிகளின் சேமிப்புக் கோப்புறையிலே தடயம் இருந்திருக்கும். ஆனால் கொத்தணி அனுமதித்த கோப்புகளின் எண்ணிக்கை எல்லையை அண்மித்தமையால், அதனையும் அவர் துப்புரவு செய்திருந்தார்.

எஞ்சியிருந்தவை பழைய பணிகளின் வெளியீட்டுக் கோப்புகள் மாத்திரமே. அவற்றை அனுப்பும்படி கூறினேன். எண்களை மட்டும் நோக்கி மேலே கிடந்த எச்சரிக்கைகளை அவர் ஒருபோதும் வாசித்ததில்லை. ஒவ்வொரு கோப்பிலும் ஒரே எச்சரிக்கை இருந்தது: குழுக்களாகப் பிரிக்கும் 'கே-மீன்ஸ்' முறையிலே, தொடக்க முயற்சிகளின் இயல்பான எண்ணிக்கை 1.4 ஆம் பதிப்பில் 10 இலிருந்து மாறும். பயனர் எண்ணிக்கையைத் தாமே குறிப்பிடுக. இம்முறை எழுமாற்றாகச் சில மையங்களைத் தேர்ந்து தொடங்கி, படிப்படியாகத் திருத்திக்கொண்டு செல்வது. தொடக்கம் மாறினால் முடிவும் மாறக்கூடும். முன்பு பத்துமுறை தொடங்கி, அவற்றுட் சிறந்ததைத் தெரிந்து கொடுத்தது. 2024 ஆம் ஆண்டு யனவரியில் வெளியான 1.4 ஆம் பதிப்பு முதல், பயனர் வேறு கூறாவிடின், வழக்கமான தொடக்க முறையில் ஒரேயொரு முறைதான் தொடங்கும். அவர் அழித்த சூழலில் இருந்தது 1.4 க்கு முந்திய ஒரு பதிப்பு. மீள நிறுவியபோது வந்தது 1.5.

நிகழ்ச்சித்திட்டத்தில் 10 என்று எழுதியதும் நிலையங்கள் தத்தம் பழைய குழுக்களுக்குத் திரும்பின. குழு மையங்கள் சிலவற்றின் கடைசித் தசமதானங்களில் மட்டும் சிறு வேறுபாடு எஞ்சிற்று; அது எப்பொதியினால் வந்தது என்பதை இனி எவராலும் கூறமுடியாது. மாணவர் மேற்பார்வையாளரிடம் நடந்ததைக் கூறி, அத்தியாயத்தின் கணிப்புகள் அனைத்தையும் புதிய சூழலிலே மீளச் செய்தார். இப்பொழுது அவரது பணிக் கோப்புகள் ஒவ்வொன்றும் கணிப்பைத் தொடங்குமுன் கணுவின் பெயரையும், ஏற்றிய மொடியூல்களையும், சூழலிலுள்ள பொதிகள் யாவற்றின் பதிப்பெண்களையும் வெளியீட்டின் தலைப்பில் அச்சிடுகின்றன. அவ்வாறு வந்த முதற்கோப்பை எனக்கும் அனுப்பியிருந்தார். மழைவீழ்ச்சி பற்றிய எண்கள் அதில் ஒரு பக்கம். அவை எங்கிருந்து பிறந்தன என்ற குறிப்பு நான்கு பக்கம்.